அப்பா திட்டினால் ஆட்கள் இருந்தார்கள், நான் திட்டினால் நின்றுவிடுகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

பனியன்காரன் (கேள்வி):

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டிலும் பேச முடியவில்லை, கம்பெனியிலும் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருப்பூரில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி. பெரியது இல்லை. அப்பா 12 மெஷினில் ஜாப் ஒர்க் செய்ய ஆரம்பித்து, அதை 60 மெஷின் ஆக்கி, நேரடி எக்ஸ்போர்ட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். 3 வருஷமாக நான் பார்க்கிறேன், எனக்கு வயது 31. அப்பாவுக்கு முழங்கால் வலி, காலையில் ஒரு சுற்று வந்து, உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போய்விடுவார்.

அப்பா கோபக்காரர். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் சத்தம் போட்டால் மெஷின் சத்தத்தையும் மீறி வாசலுக்குக் கேட்கும். ஆனால் அவரிடம் 15, 20 வருஷம் ஆட்கள் இருந்தார்கள். நான் அந்த அளவுக்குக் கத்துவதே இல்லை. ஆனால் நான் ஒரு வார்த்தை பேசினால் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஷிப்மென்ட், டீஷர்ட், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பையருடைய, அதாவது எங்களிடம் வாங்கும் கம்பெனியுடைய, க்யூசி (தரம் பார்ப்பவர்) வந்திருந்தார். பெட்டியிலிருந்து பீஸ் எடுத்து லைட் பாக்ஸில் (நிறம் ஒத்துப்பார்க்கும் விளக்குப் பெட்டி) வைத்துப் பார்த்தால் பாடி ஒரு ஷேடு, ஸ்லீவ் ஒரு ஷேடு. எங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை. ஃபெயில் போட்டுவிட்டார். அவரிடம் சிரித்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, மறு இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தேதி கேட்டு, கார் வரைக்கும் போய் அனுப்பி வைத்தேன். திரும்பி வந்து செக்கிங் டேபிளில் 11 வருஷமாக இருக்கும் ஒரு அக்காவிடம், லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கண்ணை வீட்டில் வைத்துவிட்டா வேலைக்கு வருகிறீர்கள், எதற்குச் சனிக்கிழமை ஆனால் கையை நீட்டுகிறீர்கள்" என்று கேட்டுவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. பிசிறு வெட்டும் கத்தரியைக் கீழே வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், அப்புறம் எடுத்து வேலையைத் தொடர்ந்தார். அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினார். திங்கட்கிழமை வரவில்லை. அதே வாரத்தில் ஓவர்லாக் டெய்லர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். எதனால் என்று கேட்டால் "ஊருக்குப் போகிறோம்" என்கிறார்கள், ஆனால் ஒருவரை அவிநாசி ரோட்டில் வேறு கம்பெனி வேனில் பார்த்தேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் "உனக்கு இமோஷனல் இன்டெலிஜென்ஸ் பயிற்சி வேண்டும், இரண்டு நாள் வகுப்பு இருக்கிறது" என்கிறார். உணர்வு நுண்ணறிவு என்பது உண்மையிலேயே ஒரு விஷயமா, இல்லை பெரிய கம்பெனிகள் பேசும் பேச்சா? அதைவிட முக்கியமாக, அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


வேலம்பாளையம் டெய்லர்:

தம்பி, நான் 14 வருஷமாகச் சிங்கர் தைக்கிறேன், அதற்கு முன்னால் கைமடி, செக்கிங் எல்லாம் பார்த்திருக்கிறேன். உங்கள் கம்பெனியில் இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த இடத்தில் நான் நின்ற மாதிரியே இருந்தது.

திட்டு வாங்குவது எங்களுக்குப் புதிது இல்லை. பீஸ் ரேட்டில் இருப்பவர்கள், ஷிப்டில் இருப்பவர்கள், எல்லோரும் வாங்கித்தான் இருக்கிறோம். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் முதலாளி உங்கள் அப்பா மாதிரிதான். வாயைத் திறந்தால் நெருப்பு. ஆனால் அவர் எங்களை மட்டும் திட்டவில்லை. சாயப்பட்டறைக்காரரைத் திட்டுவார், ஏஜென்டைத் திட்டுவார், ஒரு தடவை பையர் ஆபீஸிலிருந்து வந்தவரையே "இந்த ரேட்டுக்கு இதைவிட எப்படிங்க வரும்" என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். அது அவர் சுபாவம் என்று எங்களுக்குத் தெரியும், மழை மாதிரி, எல்லோர் மேலும் பெய்யும்.

நீங்கள் செய்தது வேறு. க்யூசியிடம் சிரித்தீர்கள். டீ கொடுத்தீர்கள். கார் வரைக்கும் போனீர்கள். அதை லைன் முழுக்கப் பார்த்தது. அப்புறம் திரும்பி வந்து அந்த அக்காவிடம் பேசினீர்கள். அப்படியென்றால் உங்களுக்குக் கோபத்தை அடக்கத் தெரிகிறது, எங்களிடம் அதை அடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறீர்கள், அவ்வளவுதான் எங்களுக்குப் புரியும். 60 மெஷினுக்கும் ஒரே நேரத்தில் புரியும். எங்கள் லைனில் ஒடிசா பையன்கள் இருக்கிறார்கள், தமிழ் பாதிதான் தெரியும், ஆனால் முதலாளி முகத்தை அவர்களைப் போல யாராலும் படிக்க முடியாது. வார்த்தை புரியாதவன் முகத்தைத்தானே பார்ப்பான்.

இன்னொன்று, "சனிக்கிழமை ஆனால் கையை நீட்டுகிறீர்கள்" என்றீர்களே. ஷேடு தப்பு என்பது வேலையைப் பற்றிய பேச்சு, அதைக் கேட்கலாம். சம்பளத்துக்குக் கை நீட்டுகிறாய் என்பது அந்த அக்காவின் குடும்பத்தைப் பற்றிய பேச்சு. அந்தப் பணத்தில் யார் படிக்கிறார்கள், யாருக்கு மருந்து என்று உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம் ஒரு சந்தேகம். பாடி ஒரு லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி), ஸ்லீவ் இன்னொரு லாட் என்றால் அது கட்டிங்கில் பண்டல் மாறியிருக்கும், இல்லை என்றால் துணி வரும்போதே இரண்டு லாட்டாக வந்திருக்கும். செக்கிங்கில் இருப்பவர் எப்படி அதைச் செய்திருக்க முடியும்?


கணபதி ஃபோர்மேன்:

நான் கோவை கணபதியில் பவுண்டரியில் 33 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். பம்ப்செட் காஸ்டிங் செய்யும் இடம். பனியன் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் ஆட்களைப் பற்றித் தெரியும், அதிலும் நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

மோல்டிங் மண்ணில், அதாவது இரும்பு ஊற்ற அச்சு செய்யும் மண்ணில், ஈரம் அளவாக இருக்க வேண்டும். ஈரம் அதிகமானால், உருகிய இரும்பை ஊற்றும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குமிழி விட்டுவிடும், புளோ ஹோல் என்போம். சில சமயம் மேலே ஒன்றுமே தெரியாது, மெஷினிங் போகும்போதுதான் ஓட்டை வெளியே வரும். நான் ஃபோர்மேன் ஆன புதிதில் ஒரு ஹீட், அதாவது ஒரு தடவை உருக்கி ஊற்றியது, முழுக்க இப்படிப் போய்விட்டது. யார் யாரையோ பிடித்துச் சத்தம் போட்டேன். பல வருஷம் கழித்து, அன்று மண் கலந்த ஆள் ரிட்டையர் ஆகும் நாளில் என்னிடம் சொன்னார்: "மண்ணைக் கையில் பிடிக்கும்போதே தெரியுங்க, ஈரம் ஜாஸ்தின்னு. ஆனா அதுக்கு முந்தின வாரம் இதே மாதிரி ஒருத்தன் வந்து சொன்னதுக்கு, நேரத்தைக் கெடுக்கறான்னு நீங்க அவனை வெரட்டி விட்டீங்க. நான் எதுக்குங்க வாயைத் திறக்கோணும்."

ஈரம் தெரிந்த கை ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அந்தக் கைக்கும் என் காதுக்கும் நடுவில் நான் நின்றிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது.

கத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இரும்பு ஊற்றும்போது யாராவது தப்பான பக்கம் கால் வைத்தால் "தள்ளுடா" என்று கத்தத்தான் வேண்டும், அங்கே மரியாதை பார்த்தால் கால் போய்விடும். யாரும் அதற்காக வருத்தப்பட்டதே இல்லை, ஏனென்றால் அந்தச் சத்தம் அவன் காலைக் காப்பாற்றுவதற்கு. வேலை முடிந்து மண்ணெல்லாம் ஆறிய பிறகு போடும் சத்தம் யாரைக் காப்பாற்றுகிறது? உங்கள் மனதில் இருப்பதைக் கொட்டுகிறீர்கள், அவ்வளவுதான். சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவன்தான் காப்பவன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். பையரிடம் உங்கள் கோபம் செல்லாது, அங்கே காத்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன் தம்பி.


கரூர் தறி:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நான் கரூரில் வீட்டு உபயோகத் துணி எக்ஸ்போர்ட் செய்கிறேன். ஒரு ஷிப்மென்ட் தவறினால் கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு மொத்த லாபத்தையும் தின்றுவிடும், சில சமயம் முதலையும் தின்னும். வங்கிக் கடன் என் பெயரில், வீட்டுப் பத்திரம் அடமானத்தில். இந்த நிலையில் முதலாளி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் எப்படி?

நான் 2 வருஷம் அப்படிச் செய்து பார்த்தேன். யாரையும் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தேன். நேரத்துக்கு வராதவர்கள் இன்னும் தாமதமாக வந்தார்கள். ஒழுங்காக வேலை பார்த்தவர்கள் "இவர் யாரையும் கேட்கமாட்டார்" என்று சலித்துப்போனார்கள். என் நெஞ்சுவலிதான் மிச்சம். எனவே அந்தத் தம்பி பயந்துபோய் வாயை மூடிக்கொண்டால் அதுவும் கம்பெனிக்குக் கேடு.


கோவை வகுப்பறை:

நான் கோவையில் எம்பிஏ மாணவர்களுக்கு நிறுவன உளவியல் எடுக்கிறேன், இந்த விஷயத்தை 9 வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இது உண்மையான விஷயமா என்ற கேள்வி. உணர்வு நுண்ணறிவு என்ற சொல்லை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், 1990இல். அவர்கள் சொன்னது ரொம்ப அடக்கமான ஒன்று: தன் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் கவனிப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிவது, அந்த அறிவை யோசிப்பதற்கும் நடந்துகொள்வதற்கும் பயன்படுத்துவது. இது ஒரு திறமை என்றார்கள், நல்ல குணம் என்று சொல்லவில்லை. 1995இல் டேனியல் கோல்மன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் அதைப் புத்தகமாக எழுதியதும் உலகம் முழுக்கப் பரவியது, தலைமைக்கு வேண்டியது இதுதான் என்று கம்பெனிகள் எடுத்துக்கொண்டன, பயிற்சி வகுப்புகள் முளைத்தன. சொல் பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருந்த சரக்கு கொஞ்சம் நீர்த்துப்போனதும் உண்மை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2010இல் வந்த ஒரு ஆய்வு. பீட்டர் ஹார்ம்ஸ், மார்கஸ் கிரேடே என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆள் உணர்வுத் திறனுக்கும் தலைமைக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால், அதாவது நானே "எனக்கு அடுத்தவர் மனது புரியும், நான் நல்ல தலைவன்" என்று இரண்டுக்கும் டிக் அடித்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு 0.59 வந்தது. இதில் 1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை. ஆனால் ஒன்றை ஒருவரும் மற்றொன்றை வேறொருவரும் மதிப்பிட்டபோது அது 0.12க்கு இறங்கிவிட்டது. இதை நான் எப்படிப் படிக்கிறேன் என்றால், நம்மைப் பற்றி நாமே போடும் மதிப்பெண்ணை நம்பக்கூடாது. அந்த இரண்டு நாள் வகுப்பின் கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடச் சொன்னால், அது கம்பெனியில் நீங்கள் எப்படி என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கரூர்க்காரருக்கு ஒரு விஷயம். நீங்கள் 2 வருஷம் செய்தது கோபத்தைக் கையாண்டது இல்லை, அமுக்கி வைத்தது. இரண்டும் வேறு. ஒருவர் தன் உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கிக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவருக்கே ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று எமிலி பட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் காட்டினார்கள். அமுக்கியது வெளியே தெரியாது என்று நினைக்கிறோம், எதிரில் இருக்கும் உடம்பு அதை எப்படியோ வாங்கிக்கொள்கிறது. நேரத்துக்கு வராதவரைக் கேட்கத்தான் வேண்டும். "இந்த வாரம் 3 நாள் அரை மணி தாமதம், லைன் காத்துக்கொண்டு நிற்கிறது, என்ன காரணம்" என்று கேட்பதில் கண்டிப்பு முழுசாக இருக்கிறது.

ஃபோர்மேன் அய்யா சொன்ன மண் கதை இருக்கிறதே, அதை அப்படியே ஆய்வாகச் செய்தவர் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1990களில் மருத்துவமனைகளில், நல்ல செவிலியர் அணிகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பார்த்தால் கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல அணிகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. யோசித்துப் பார்த்தபோது, அவர்கள் அதிகமாகத் தப்பு செய்யவில்லை, செய்ததைத் தலைமைச் செவிலியரிடம் பயமில்லாமல் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். மற்ற அணிகளில் தப்பு அமுங்கிக் கிடந்தது. இதைத்தான் தலைமையில் உணர்வு அறிவின் வேலை என்று நான் மாணவர்களிடம் சொல்கிறேன். இனிமையாகப் பேசுவது கிடக்கட்டும். கெட்ட செய்தி உங்களிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது?

பனியன்காரருக்கு ஒரு கேள்வி: போன 3 மாதத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்பாக லைனில் இருக்கும் ஒருவர் தானாக வந்து உங்களிடம் ஒரு குறையைச் சொன்னது எத்தனை தடவை? அதை எண்ணிப் பாருங்கள், எந்தப் பயிற்சித் தாளையும்விட அது சரியாகச் சொல்லும்.

கோபம் வரும் நேரத்துக்கு ஒரு சின்ன வழியும் உண்டு. அந்த உணர்ச்சிக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்துப் பாருங்கள். 2007இல் மேத்யூ லீபர்மன் குழு, உணர்ச்சிக்கு வார்த்தையால் பெயரிடும்போது மூளையில் அமிக்டலா என்ற, பயம் போன்ற உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட பகுதியின் துடிப்பு தணிவதை ஸ்கேனில் பார்த்தது. பெயர் சரியாக இருக்க வேண்டும். அன்று உங்களுக்கு வந்தது கோபம்தானா, பயமா?


பனியன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 4 நாள் எதுவும் எழுதவில்லை, ஆனால் தினமும் படித்துக்கொண்டிருந்தேன்.

பயம்தான். பையர் அடுத்த ஆர்டர் கொடுக்கமாட்டார், அப்பா 30 வருஷமாகக் கட்டியதை நான் 3 வருஷத்தில் உடைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள் என்ற பயம். அந்த அக்காவின் மேல் எனக்குக் கோபமே இல்லை. இதை எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மேடம் கேட்டதை எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன், நீங்கள் இவ்வளவு கத்தியும் எப்படிப்பா ஆட்கள் இருந்தார்கள் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நான் கத்துனதுனால ஒருத்தனும் இருக்கலடா கண்ணு. கத்துனதுக்கு அப்புறமும் இருந்தாங்க. போனவங்கள நீ பாக்கல." போனவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார், பெயர், ஊர், என்ன வேலை, எந்த வார்த்தைக்காகப் போனார்கள் என்பது வரைக்கும். ஒரு கட்டிங் மாஸ்டரைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. "அவன் இருந்திருந்தா நாம எங்கயோ போயிருப்போம்" என்றார். எனக்குத் தெரிந்தது இருந்தவர்களை மட்டும்தான், அதனால் கத்தல்தான் அவர்களை வைத்திருந்தது என்று தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இருந்தவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதற்கும் அம்மா ஒன்று சொன்னார். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடியபோது, துணி வராமல் மெஷின் நின்றுகிடந்தது, அப்போது அப்பா யாரையும் அனுப்பாமல், அம்மாவின் வளையலை வைத்து வாராவாரம் அரைச் சம்பளமாவது கொடுத்திருக்கிறார். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன், வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆட்களின் வீட்டுத் துக்கத்துக்கு அப்பா போகாமல் இருந்ததே இல்லையாம். நான் கிரெடிட் கார்டு பில் கட்டுவதுபோல கூகுள் பேயில் மொய் அனுப்புகிறேன்.

அடுத்து, அந்த அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். பழம் வாங்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கலாமா? வேலைக்குத் திரும்பக் கூப்பிடலாமா?


வேலம்பாளையம் டெய்லர்:

போங்க தம்பி. ஆனால் வேலைக்குக் கூப்பிடுவதற்காகப் போகாதீங்க, ஆள் பற்றாக்குறைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார். போய் உட்கார்ந்து, செய்தது தப்பு என்று மட்டும் சொல்லுங்க, அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்க, நடுவில் பேசாதீங்க. வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடியுங்க.

அப்புறம் இன்னொன்று. 60 பேர் முன்னால் பேசிய வார்த்தைக்கு வீட்டுத் திண்ணையில் கேட்கும் மன்னிப்பு பாதிதான். மீதிப் பாதியை லைனில் கேட்க வேண்டும், அவர் அங்கே இல்லாவிட்டாலும்.


பனியன்காரன்:

போய் வந்தேன். அவர் பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். திரும்ப வரமாட்டார், அதை மரியாதையாகவே சொன்னார், நானும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன்.

அவர் சொன்ன விஷயத்தைத்தான் இங்கே எழுத வேண்டும். அந்த ஷேடு வித்தியாசத்தை இன்ஸ்பெக்‌ஷனுக்கு 3 நாள் முன்பே அவர் பார்த்திருக்கிறார். டியூப்லைட்டில் சந்தேகமாக இருந்ததால் ஒரு பீஸை ஜன்னல் பக்கம் வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார், ஸ்லீவ் வெளிறித் தெரிந்திருக்கிறது. உடனே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் "ஷிப்மென்ட் நேரத்துல இதைப் போய் முதலாளிகிட்ட சொன்னா நான்தான் வாங்கிக் கட்டிக்கோணும், பேசாமப் போட்டு அனுப்புங்கக்கா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் கத்தும்போது சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார். அக்கா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அவனுக்கும் ரெண்டு குழந்தைங்க தம்பி" என்றார்.

திங்கட்கிழமை காலை மெஷின் போடுவதற்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, அந்த அக்கா மேல் தப்பு இல்லை, நான் பேசிய வார்த்தை தப்பு என்று சொல்லிவிட்டேன். ரொம்பப் பேசவில்லை, இரண்டு நிமிஷம் இருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் கட்டிங்கிலிருந்து ஒரு பையன் வந்து, புதிதாக வந்த ரோலில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறது, எடை போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். போட்டோம். குறைவுதான்.

இப்போது சூப்பர்வைசரை என்ன செய்வது? எனக்கு அவரை அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. ஷேடு தெரிந்தே பெட்டி போட வைத்திருக்கிறார், இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?


கரூர் தறி:

நான் முதலில் மாற்றுக் கருத்துச் சொன்னவன். நான் அமுக்கி வைத்ததைத்தான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது மேடம் எழுதியதில் புரிந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் சூப்பர்வைசரைக் கேட்காமல் விடக்கூடாது. தெரிந்து மறைத்தது மறைத்ததுதான்.


கணபதி ஃபோர்மேன்:

கேளுங்கள், ஆனால் தனியாக, கதவைச் சாத்திவிட்டு, காலை நேரத்தில். சாயங்காலம் எல்லோரும் களைத்திருக்கும்போது வேண்டாம். அவர் மறைத்தது தப்பு, அதைத் தப்பு என்றே சொல்லுங்கள். அதோடு "என்னிடம் சொல்ல முடியாமல் போனது எதனால்" என்று கேட்டு, பதில் வரும் வரைக்கும் காத்திருங்கள். அன்று என் மண் கலக்கும் ஆளிடம் இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்திருக்காது. அவரை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைப் போட்டால், உங்களிடம் கெட்ட செய்தி சொல்ல அவரும் பயப்படத்தான் செய்வார். மாற வேண்டியது எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.


வேலம்பாளையம் டெய்லர்:

அய்யா சொன்னதுதான் சரி. நான் ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. உங்கள் கம்பெனியில் லைட் பாக்ஸ் இருக்கிறதா? இருந்தால் அது எங்கே இருக்கிறது? செக்கிங்கில் இருக்கும் பெண் ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார் என்றால், அவர் கை எட்டும் இடத்தில் அது இல்லை என்றுதானே அர்த்தம்.


பனியன்காரன்:

ஆபீஸ் ரூமில், ஏசிக்குக் கீழே இருந்தது, டெய்லர் அக்கா. லேப் டிப் (சாயத்தின் மாதிரித் துண்டு) பார்ப்பதற்கு மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) மட்டும்தான் பயன்படுத்துவார், மற்றவர்கள் உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். இன்று சாயங்காலம் செக்கிங் டேபிள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டோம். சூப்பர்வைசரிடம் நாளைக் காலையில் பேசுகிறேன்.